கண்ணாடி பாய் கட்டிய வீடு

கண்ணாடியில் குறை இருக்கிறது என்று அமானுல்லா வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. விரிசல் விட்டால் ஜன்னல் சட்டம் கோணல் என்பார். கீறல் விழுந்தால் துடைத்த துணியின் மேல் பழியைப் போடுவார். புதுவாயல் கூட்டு ரோட்டில் அவருடைய ‘மெஹர் கிளாஸ் ஹவுஸ்’ கடை வாசலில் கண்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் தடதடவென்று போகும். சாய்த்து அடுக்கிய கண்ணாடிகள் எல்லாம் ஒரு தடவை நடுங்கி அடங்கும். “பாத்தீங்களா, ஒண்ணாவது ஒடஞ்சுதா?” என்று எதிரே நிற்கிறவரைக் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேலியாகத்தான் அவருக்குக் கண்ணாடி பாய் என்று பெயர் வைத்தார்கள். மனுஷன் அதை விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நாகமுத்து தன் பழைய வண்டியில் ஒரு மூடி போட்ட வாளியைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நாகமுத்து பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். ஏரியில் வலை போட்ட குடும்பம். இவர் மட்டும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் பாம்பு வந்தாலும் முதல் போன் அவருக்குத்தான். வனத்துறையில் பயிற்சி கொடுத்து அடையாள அட்டையும் கொடுத்திருந்தார்கள். மீஞ்சூரில் அமானுல்லா முதல் கடை போட்ட காலத்தில் இரண்டு பேரும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்கள்.

“பாய், ஒரு ஊடு வோணும்.”

“இந்த வயசுல இன்னொரு ஊடா? பிரேமாவுக்குத் தெரியுமா?”

“எனக்கில்ல பாய். இதுக்கு.” வாளியைக் காட்டினார். “நல்லபாம்புக் குட்டி. கம்பெனி கேன்டீன்ல எலிக்கு கோந்து அட்டை வெச்சிருந்தானுங்க. இது போய் அதுல ஒட்டிக்கினு கெடந்துச்சு. சமையல் எண்ணெய் ஊத்தி ஊத்தி எடுத்தேன். அப்பவும் பக்கத்துல தோலு உரிஞ்சி பூட்ச்சு.”

மாடியிலிருந்து தேநீரோடு இறங்கி வந்த அமானுல்லாவின் மனைவி மெஹர்னிசா பாதிப் படியிலேயே நின்றாள். கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு.

“குட்டி தானே அண்ணே? அதுக்கு வெஷம் இருக்குமா?”

“குட்டின்னு எளப்பமா நெனச்சுடாத தங்கச்சி. முட்டைய ஒடச்சிக்கினு வர்றப்பவே வெஷத்தோட தான் வரும். கடிச்சுதுன்னா பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும்.”

“அப்ப அங்கயே வெச்சி பேசுங்க,” என்று தேநீரைப் படியிலேயே வைத்துவிட்டாள்.

வனத்துறை மருத்துவர் புண்ணுக்கு மருந்து கொடுத்திருந்தார். புண் ஆற வேண்டும். அதைவிட முக்கியம், குட்டி ஒரு தடவையாவது இரை எடுக்க வேண்டும். அதுவரை நாகமுத்து பொறுப்பில் இருக்கட்டும், பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். ஆனால் நாகமுத்து வீட்டில் பேரப்பிள்ளை தவழ்கிறது. வாளியைக் கண்டதுமே அவர் மனைவி பிரேமா விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாளாம்.

“அதான் உன் பின்னாடி குடோனு கீதே, அதுல ஒரு மூலை குடு. பூட்டி சாவிய நானே வெச்சிக்கிறேன். மருந்து போட, தண்ணி மாத்த எல்லாம் நானே வரேன். நீ ஒரு பொட்டி மட்டும் குடு.”

“இன்னா பொட்டி?”

“பானைல உட்டு வாயில துணி கட்டலாம். ஆனா தெனம் தொறந்து மருந்து போடணுமே, கைக்கு ஆபத்து. மரப்பொட்டின்னா மயைக்கு ஊறி சந்து உடும். சுண்டுவெரலு போற சந்து இருந்தா போதும், குட்டி எகிறிடும். ஒரு பிளாஸ்டிக் டப்பா, கிளிப்பு போட்ட மூடி, சூட்டு ஆணில நாலு ஓட்டை, உள்ள மறைஞ்சிக்க ஒரு ஓட்டாஞ்சட்டி. அவ்ளோ தான்.”

அமானுல்லாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “என் கடைக்கு வந்து பிளாஸ்டிக் டப்பா கேக்கறியே முத்து, உனக்கு வெக்கமா இல்ல? புளி வெக்கிற டப்பாவுல போய் நல்லபாம்ப வெப்பாங்களா? ராஜா வூட்டுப் பிள்ள அது.”

“அதுக்கு ராஜா கூஜா எல்லாம் தெரியாது பாய்.”

“நீ கம்முனு குந்து. நான் செய்றேன் பாரு ஊடு.”

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். அமானுல்லா அந்த இரண்டையும் சேர்த்தே பார்த்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே மகள் ஃபிர்தௌஸைத் திருவள்ளூரில் அரிசி மண்டி ஹாஜியார் மகன் மொஹசினுக்குக் கொடுத்தார். மூன்று மாடி வீடு. சீர் என்று நகை, பாத்திரம் எல்லாரும்தான் தருகிறார்கள். கண்ணாடி பாய் வேறென்ன தருவார்? கீழ்த் தளத்தில் கூடத்துக்கும் மணமக்கள் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரைக்கும் கெட்டிக் கண்ணாடியில் ஒரு சுவரே நிறுத்தினார். ஓரமெல்லாம் பூவேலை. தள்ளினால் சத்தமில்லாமல் நகரும் கதவு. இப்படி ஒரு கண்ணாடி இருப்பதே தெரியாமல் இரண்டு விருந்தாளிகள் மூக்கை இடித்துக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் கடையில் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அந்த வீட்டிலிருந்து வந்த சேதிதான் சிரிப்பதாக இல்லை. ஃபிர்தௌஸ் சரியாகச் சாப்பிடுவதில்லை. முதலில் புது இடம் என்றார்கள். பிறகு விசேஷமோ என்றார்கள், அதுவுமில்லை. கண்ணேறு என்று ஓதிப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார். போன மாதம் வந்தபோது வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. போனில் கேட்டால், “சாப்ட்டேன் வாப்பா” என்பதோடு சரி.

“நாலு நாளு கூட்டிக்கினு வந்து வெச்சிக்கலாம்ங்க,” என்பாள் மெஹர்னிசா.

“இன்னா கொறை அவளுக்கு அங்க? அரமண மாதிரி ஊடு,” என்பார் அமானுல்லா. மகளை நினைத்து அவருக்கும் கவலைதான். தான் பார்த்துக் கொடுத்த இடம் என்பதால் வாய் அப்படித்தான் சொன்னது.

பாம்புக்கும் அரண்மனைதான் கட்டினார். நாலடி நீளம், தடித்த கண்ணாடி, மேலே இரும்பு வலை மூடி, பூட்டு. ஒட்டுப்பசையின் புளித்த வாடை போகும்வரை காற்றாட வைத்தார். அடியில் கலர் கல் பரப்பி, மீன் தொட்டிக்கு வைக்கிற பிளாஸ்டிக் செடி இரண்டு நட்டு, உள்ளே ஒரு விளக்கும் போட்டார். குடோன் நடுவில், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி மேசை மேல் ஏற்றி வைத்தார். நாகமுத்து தலையைச் சொறிந்தார். முப்பது வருஷ சிநேகிதனின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொக்கியால் குட்டியைத் தூக்கி உள்ளே விட்டார்.

ஒன்றரை சாண் நீளம்தான் இருக்கும். கன்னங்கரேல் என்று பளபளத்தது. ஆள் நகர்ந்ததும் எழும்பிப் படம் எடுத்தது. ஒரு ரூபாய்க் காசு அகலப் படம். அடுத்த நொடி கண்ணாடியில் டொக் என்று ஒரு கொத்து.

“ஆகா! இன்னா கம்பீரம் பாரு,” என்றார் அமானுல்லா.

விஷயம் கூட்டு ரோடு முழுக்கப் பரவியது. டீக்கடையிலிருந்து வந்தார்கள், டயர் கடையிலிருந்து வந்தார்கள், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கிய ஆட்கள் சாப்பாட்டுப் பையோடு வந்து குடோன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கதவுதான் பூட்டியிருந்தது, ஜன்னலை யார் பூட்டினார்கள்? ஒவ்வொரு தலை நகரும்போதும் குட்டி எழுந்து டொக்கென்று கொத்தியது. ஆட்கள் சிரித்தார்கள். அமானுல்லா வாசலில் நின்று, “எட்டு எம்எம் கண்ணாடி. ஒண்ணும் ஆவாது,” என்று கண்ணாடிக்குச் சான்று கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாகமுத்து பிடித்து வந்து விட்ட தவளைக் குஞ்சு அதன் பக்கத்திலேயே குதித்து விளையாடியது. பாம்பு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி வேறொன்று விட்டார், அதுவும் அப்படியே. நாள் ஆக ஆகக் கொத்துவதும் குறைந்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்கும் மூலைக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சூண்டு இடத்தில் உடம்பைத் திணித்துக்கொண்டு கிடந்தது. மூக்கு நுனி தேய்ந்து சிவந்திருந்தது.

“பாய், மூஞ்சில புதுசா புண்ணு வந்துகீது,” என்றார் நாகமுத்து. குரலில் கேலி இல்லை. “மொதப் புண்ணு ஆறிக்கினு வருது. ஆனா இரை எடுக்கலன்னா குட்டி ஒடம்பு தாங்காது. இன்னும் ரெண்டு மூணு நாளு பாக்கலாம். அதுக்கு மேல நான் ரேஞ்சருக்கு இன்னா பதில் சொல்றது?”

“அதுக்கு இன்னா கொறை முத்து? இவ்ளோ பெரிய எடம், வெளிச்சம், காத்து…”

சொல்லும்போதே போன் அடித்தது. மாப்பிள்ளை மொஹசின். ஃபிர்தௌஸ் காலையில் சமையல்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை மாமா என்றான். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பையனின் குரலே பயந்துபோயிருந்தது. அமானுல்லா போனை வைத்துவிட்டு வெறும் ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே டொக் என்று சத்தம் கேட்டது. யாரோ ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் மழை கொட்டியது. கடைக்கு ஆள் இல்லை. மருந்து போட நாகமுத்து குடோனைத் திறந்தபோது, இத்தனை நாளாக அந்தப் பக்கமே வராத மெஹர்னிசா வந்து கதவோரம் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மூலையில் ஒடுங்கிக் கிடந்த குட்டியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இத்த ஏன் இப்பிடி நடுவூட்ல குந்த வெச்சி எல்லாருக்கும் காட்டறீங்க?” என்றாள்.

“காட்டறதா? நல்லா வெளிச்சமா இருக்கட்டும்னு தான் மெஹரு.”

“நாலு பக்கமும் ஆளு பாத்துக்கினே இருந்தா எது தான் சோறு துன்னும்? நான் துன்னனா?”

“நீ எங்க வந்த இதுல?”

“மீஞ்சூருல.”

மீஞ்சூர் என்றதும் அமானுல்லாவுக்கு அந்தத் துக்கத்திலும் முகம் இளகியது. மீஞ்சூரை நினைத்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான். கடைக்குப் பின்னால் ஒரே அறை. ரயில் போனால் அடுப்பில் வைத்த பாத்திரம் நகரும். பழவேற்காட்டிலிருந்து கல்யாணம் முடிந்து வந்த மெஹருக்கு வயது பத்தொன்பது. அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் மரக்கதவு ஜன்னல். அமானுல்லா மட்டும் புதுப் பெண்டாட்டிக்காகத் தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் பளிச்சென்று கண்ணாடி போட்டார். அவர் கையால் அறுத்த முதல் பெரிய கண்ணாடி அது. மெஹர் வந்த புதிதில் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனதும், அவர் பழவேற்காட்டுக்கு சைக்கிள் மிதித்துப் போய் ஏரி நண்டு வாங்கி வந்து தானே குழம்பு வைத்ததும், அவள் அன்றைக்கு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டதும் அவர் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த கதை. மகள் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளையிடம் சொன்னார். “பொண்டாட்டி சாப்புடலன்னா நண்டு வாங்கிக் குடு மாப்ள.”

“அதான் நண்டு வாங்கியாந்தேனே,” என்றார் இப்போதும்.

“நண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல.” மெஹர்னிசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “புதுப்பொண்ணு பாக்கறேன்னு தெருவே வரும். உள்ள வந்து பாத்தவளுங்க போனாக்கா, மத்தவளுங்க ஜன்னல்ல நிப்பாளுங்க. நிமுந்தா ஒரு மூஞ்சி, திரும்பினா ஒரு மூஞ்சி. புதுப்பொண்ணு வாயத் தொறந்து சோறு துன்னா, ‘பாரு எப்பிடி துன்றா’ன்னு பேசுவாங்கன்னு எங்க உம்மா சொல்லி அனுப்பிச்சிருந்தாங்க. தட்ட எடுத்தா அப்பிடியே மூடி வெச்சிடுவேன். நண்டு வாங்கியாந்தீங்களே, அதுக்கு முந்தின நாளு இன்னா செஞ்சீங்க? நெனப்பு கீதா?”

அமானுல்லாவுக்கு நினைவில்லை.

“எனக்கு கீது பாய்,” என்றார் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்த நாகமுத்து. “கண்ணாடில விரிசல் உட்டுச்சு. சட்டம் கோணல்னு ஆசாரிய திட்டிக்கினே தினத்தந்தி பேப்பர மைதா பசை போட்டு ஒட்டின. நான் தான் பசை கிண்டினேன்.”

“அதே தான் அண்ணே,” என்றாள் மெஹர்னிசா. “வேற கண்ணாடி போடற வரைக்கும்னு ஒட்டினாரு. அப்பறம் மறந்துட்டாரு. அந்த ஊட்ட காலி பண்ற வரைக்கும் பேப்பரு அப்பிடியே தான் இருந்துச்சு. அன்னிக்கு தாங்க நான் சுவத்துல சாஞ்சி கால நீட்டிக்கினு குந்தினேன். மறுநாளு நீங்க நண்டு இல்ல, வெறும் கஞ்சி குடுத்திருந்தாலும் குடிச்சிருப்பேன்.”

“ஏன் மெஹரு இத்தினி வருஷமா சொல்லல?”

“நீங்க சைக்கிள் மிதிச்ச கதைய அவ்ளோ ஆசையா சொல்லுவீங்க. அத்த ஏன் கெடுப்பானேன்?”

வெளியே லாரி ஒன்று போனது. கண்ணாடிகள் நடுங்கி அடங்கின. அமானுல்லா எழுந்து போய் விளக்கின் வயரைப் பிடுங்கினார். பிளாஸ்டிக் செடிகளையும் கலர் கல்லையும் எடுக்கச் சொன்னார். நாகமுத்து குட்டியை வாளிக்கு மாற்றியதும், தொட்டிக்குள் ஓரமாக ஒரு பலகையை இறுக்கிச் சொருகி, இடத்தைக் கால்வாசியாகக் குறைத்தார். மெஹர்னிசா வாய் உடைந்த சின்னச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கவிழ்த்தாற்போல் சாய்த்து வைத்தார்கள். பழைய பேப்பரை எடுத்துக் கண்ணாடியின் எல்லாப் பக்கமும் மூன்று பேருமாக ஒட்டினார்கள். குடோன் ஜன்னலுக்கும் அட்டை அடித்தார்கள். ஒட்டும்போது நாகமுத்து, “மைதா பசைக்கு கொஞ்சம் மயில்துத்தம் போட்டா பூச்சி வராது பாய், அன்னிக்கும் சொன்னேன்,” என்றார். மீஞ்சூர் அறையில் மூன்று பேரும் சின்ன வயசில் நின்ற மாதிரியே இருந்தது அமானுல்லாவுக்கு.

குட்டியை உள்ளே விட்டதுதான் தாமதம், விறுவிறுவென்று சட்டிக்குள் போனது. வால் நுனியையும் இழுத்துக்கொண்டது. கொத்தவில்லை, சீறவில்லை.

மறுநாள் நாகமுத்து ஒரு தவளைக் குஞ்சை விட்டு, பூட்டிவிட்டு டூட்டிக்குப் போனார். அதற்கு அடுத்த நாள் காலை நாஷ்டா நேரத்தில் வந்து திறந்து பார்த்தவர், கடைக்குள் தலையை நீட்டி, “பாய், துன்னுட்சு!” என்று கத்தினார். டீக்கடைக்காரர்கூடக் கை தட்டினார்.

அமானுல்லா கை தட்டவில்லை. கல்லாவில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் வீட்டுக் கூடம் அவர் கண்ணுக்குள் நின்றது. தன் கையால் நிறுத்திய சுவர். அதற்குத் திரை உண்டு. ஆனால் சம்மந்தி அம்மா பகலெல்லாம் அதை இழுத்துக் கட்டி வைத்துவிடுவார். வருகிறவர்களெல்லாம் சம்மந்தி செய்த வேலையைப் பார்க்க வேண்டுமாம். அரிசி மண்டி வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் குறைவா? அதைக் கேட்டு எத்தனை பெருமைப்பட்டிருந்தார்! பாம்புக்குப் பூட்டாத ஜன்னல் ஒன்றுதான். மகளுக்கு அவர் வைத்ததோ ஒரு சுவர் முழுக்க. பெற்ற பெண்ணை நடுவீட்டில் உட்கார வைத்து ஊருக்குக் காட்டியது நான்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எழுந்து, பரண் மேலிருந்து பால் நிற ஃபிலிம் சுருள் ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். குளியலறை ஜன்னல்களுக்கு ஒட்டுகிற சாதாரணச் சரக்கு.

“மெஹரு, கெளம்பு. திருவள்ளூர் போலாம்.”

மெஹர்னிசா சுருளைப் பார்த்தாள். “அப்ப நண்டு வாங்கியாரச் சொல்லுங்க அண்ணன,” என்றாள். “இன்னிக்குத் துன்னுவா.”

ஹாஜியார் வீட்டில் வழக்கம்போல விருந்தாளிகள் இருந்தார்கள். திரை இழுத்துக் கட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று கட்டில், அலமாரி, மேசை எல்லாம் தெரிந்தன. மகளைக் காணோம். அமானுல்லா கூடத்தில் இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தார். எங்கிருந்து எது தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. கூடத்திலிருந்து கண்ணுக்குப் படாத இடம் அந்த அறையில் ஒன்றே ஒன்று. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த அந்த இடுக்கிலிருந்து பச்சைத் துப்பட்டாவின் ஓரம் மட்டும் தரையில் கிடந்தது.

அவர் சுருளைப் பிரித்து, சோப்புத் தண்ணீர் நிரப்பிய தெளிப்பானைக் கையில் எடுத்தார்.

“இன்னா சம்மந்தி பண்றீங்க?” ஹாஜியார் பதறிவிட்டார். “ஊரே வந்து பாக்குது இந்தக் கண்ணாடிய. அத்த போய் மறைக்கிறீங்க?”

கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அமானுல்லா தெளிப்பானைக் கீழே வைத்தார்.

“கண்ணாடில கொறை கீது ஹாஜியாரே,” என்றார்.

மெஹர்னிசா சட்டென்று கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் தான் சரியா பாக்காம போட்டுட்டேன். சட்டம் மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. என் சரக்கு சரியில்ல. உள்ளுக்குள்ள விரிசல் ஓடிக்கினு கீது. ஃபிலிமு ஒட்லன்னா என்னிக்காவது ஒருநாளு நொறுங்கிப் பூடும். ஒட்டினத எடுக்கவே கூடாது.”

“முப்பது வருஷ சர்வீஸ்னீங்க?” என்று விருந்தாளி ஒருவர் சிரித்தார்.

“ஆமாங்க. ஆனைக்கும் அடி சறுக்குது,” என்றார் அமானுல்லா.

ஹாஜியார் கண்ணாடியைத் தொடப் பயந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். சம்மந்தி அம்மா முணுமுணுத்தபடியே விருந்தாளிகளை மாடிக்கு அழைத்துப் போனார். மெஹர்னிசா நண்டுக் குழம்பு இருந்த டிபன் கேரியரோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மொஹசின் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அமானுல்லா மேலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தார். ரப்பர் கட்டையால் தண்ணீரையும் காற்றுக் குமிழையும் தள்ளித் தள்ளி நீவினார். கட்டில் மறைந்தது, அலமாரி மறைந்தது, பூவேலை மறைந்தது. கடைசித் துண்டை ஒட்டும்போது இடுக்கிலிருந்து பச்சைத் துப்பட்டா எழுந்து நின்றது. ஃபிர்தௌஸின் முகம் கண்ணாடிக்கு அருகே வந்து அவரைப் பார்த்தது. அவள் கண்ணிலிருந்து நீர் ஓடியது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் ரப்பர் கட்டையை இழுத்தார், முகமும் மறைந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கி, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. கேரியரின் கிளிப்பைத் தட்டித் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நண்டு ஓட்டைக் கடித்து உடைக்கிற சத்தம் கேட்டது.